கடிதம் இல்லாத உறை

உறைக்குள் கடிதம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பழைய பசையும் காகிதப் பழுப்பும் கலந்த மணம் வரும். உள்ளே விரலை விட்டால் உறையின் அளவுக்கே வெட்டிய வெற்று அட்டை ஒன்று தட்டுப்படும். முத்திரை விழும்போது காகிதம் குழையக்கூடாது, வட்டம் சிதையக்கூடாது என்று அனுப்பியவரே வைத்த அட்டை அது. மேல்மடிப்பை ஒட்டாமல் உள்ளே செருகியிருக்கிறார்கள். சென்னைப் புழுக்கத்தில் அந்தப் பசை தானாகவே ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் எடுத்துப் பார்ப்பேன். இராமபாணப் பூச்சி பயம் வேறு. வலது மேல்மூலையில் ஊதா நிறத்தில் மூன்று சென்ட் தபால்தலை. அதற்குப் பக்கத்தில் கறுப்பு வட்டம், வட்டத்தின் விளிம்பில் யு.எஸ்.எஸ். அரிசோனா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பெயர், நடுவே 1930களின் ஏதோ ஒரு தேதி. வட்டத்திலிருந்து கிளம்பித் தலையை அடித்துச் செல்லும் கோடுகளுக்கு இடையில் சான் பெட்ரோ, கலிபோர்னியா என்று துறைமுகத்தின் பெயர். அவ்வளவுதான். இதைப் போன்றவை எத்தனையோ கிடைக்கின்றன, அதிகச் செலவும் ஆகாது. ஆனால் அதே கப்பல், அதே வட்டம், அதே மூன்று சென்ட் இருந்து, தேதி மட்டும் 1941 நவம்பரின் கடைசியிலோ டிசம்பரின் முதல் நாட்களிலோ விழுந்திருந்தால் விலை வேறு உயரத்துக்குப் போய்விடும். இரண்டு விலைகளுக்கும் நடுவில் இருப்பது 1941 டிசம்பர் 7 அன்று பேர்ள் ஹார்பரில் ஜப்பான் நடத்திய தாக்குதலில் அந்தக் கப்பலோடு போன 1,177 பேரின் சாவு. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பட்டியலில் அதை எழுதுவதில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, தேதியே சொல்லிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் தப்பு எங்கே என்று சுட்டிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. தப்பே இல்லை என்று விட்டுவிடவும் முடியவில்லை.

கடிதம் இல்லாத கடிதத்தை யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டால், தனக்குத்தானே அனுப்பிக்கொண்டார்கள் என்பதுதான் பதில். முகவரியில் இருக்கும் பெயர் யாருடையதோ அவருடைய கைதான் அதை எழுதியது. எங்கோ உள்நாட்டு ஊரில், கடலைப் பார்த்தே இராத ஒருவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து தன் பெயரைத் தானே எழுதி, தலை ஒட்டி, அட்டையைச் செருகி, அப்படி நான்கைந்தைப் பெரிய உறை ஒன்றில் போட்டுக் கப்பலின் அஞ்சல் எழுத்தருக்கு ஒரு வேண்டுகோளுடன் அனுப்பிவைப்பார்: இன்ன தேதியில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குள் அஞ்சல் அலுவலகம் வைக்க அந்நாட்டுக் காங்கிரஸ் 1908இல் சட்டம் செய்தது. மாலுமி வீட்டுக்கு எழுதும் கடிதம் கரைக்காகக் காத்துக் கிடக்காமல் கப்பலிலேயே முத்திரை வாங்கட்டும் என்பது நோக்கம். கால் நூற்றாண்டு போவதற்குள் கரையில் இருப்பவர்கள் அந்த முத்திரையைத் தேடிக் கப்பலுக்கு உறை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1932இல் இதற்கென்றே யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டி என்ற சங்கம் உருவானது. அமெரிக்காவில் பாதி ஊர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலம் அது. அதே ஆண்டு ஜூலையில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் இரண்டு சென்டிலிருந்து மூன்று சென்டாக ஏறியது. ஏறியும் என்ன, மூன்று சென்டுக்கு ஒரு போர்க்கப்பலின் பெயர் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் என்றால் அது மலிவுதான். 1933இல் வெள்ளை மாளிகைக்கு வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் ஊரறிந்த தலை சேகரிப்பாளர். முன்பு கடற்படைத் துறையில் உதவிச் செயலாளராக இருந்தவர். 1914 மார்ச் 16 அன்று புரூக்ளின் கடற்படைத் தளத்தில் அரிசோனாவைக் கட்டத் தொடங்கியபோது அந்தச் சடங்கில் நின்றவர். அது மூழ்கிய மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, போர்ப் பிரகடனம் கேட்டுக் காங்கிரஸ் முன் நின்றவரும் அவரே. சேகரிப்பாளர்கள் இந்தத் தகவலைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை தோன்றவில்லை. ஒரு கப்பலின் இரண்டு முனைகளிலும் நின்ற மனிதர், நடுவில் இருந்த ஆண்டுகளின் இரவுகளில் இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார் என்ற காட்சி எனக்குப் பிடிபடாமல் நழுவுகிறது, அவ்வளவே.

அந்த அஞ்சல் எழுத்தர் யார்? அவரும் ஒரு மாலுமிதான். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் இரும்பு ஊரின் தபால்காரர். தலை விற்க வேண்டும், மணியார்டர் எழுத வேண்டும், துறைமுகம் வந்ததும் சாக்குகளை இறக்கி ஏற்ற வேண்டும், யாருக்குக் கடிதம் வரவில்லையோ அவன் முகத்தையும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் மேல் முன்பின் தெரியாதவர்களின் வெற்று உறைகள். கடற்படை நாள் என்று அக்டோபர் 27, வாஷிங்டன் பிறந்தநாள், கப்பல் பணியில் சேர்ந்த நாள் என ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கட்டாக வரும். கோடுகளுக்கு இடையில் இருக்கும் எழுத்துகள் கழற்றி மாட்டக்கூடிய சின்ன ரப்பர் எழுத்துகள். நாளுக்கும் இடத்துக்கும் ஏற்ப அவற்றைப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிடமாகக் கோக்க வேண்டும். செயின்ட் பேட்ரிக் நாளுக்குப் பச்சை மை தொட்டுக் குத்திய எழுத்தர்கள் உண்டு. சிலர் அழுத்தம் பிசகாமல் குத்தினார்கள். சிலர் கைபோன போக்கில் குத்தி வட்டத்தைப் பாதி நிலாவாக்கினார்கள். டாக்டர் பிரான்சிஸ் லோசி என்பவர் இந்த முத்திரைகளை எல்லாம் பார்த்து, வட்டத்தின் வடிவம், கோடுகளின் அமைப்பு என்று பிரித்து எண் கொடுத்தார். இன்றும் சேகரிப்பாளர்கள் லோசி இத்தனாம் வகை என்றே பேசுகிறார்கள். வகை, துணைவகை, மையின் நிறம், எழுத்தின் உயரம், இடைக்கோட்டு வாசகம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியலில் இடம் உண்டு. குத்திய கைக்கு மட்டும் இடமில்லை. திருவிழாக் கூட்டத்தில் வரிசையாகத் திருநீறு கொடுத்துக்கொண்டே போகும் குருக்களின் முகம் வீடு திரும்பிய பின் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, அப்படி. ஆனாலும் என் உறையில் வட்டத்தின் இடது விளிம்பு வலதைவிடக் கறுப்பாக இருக்கிறது. அழுத்தம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அது ஒரு மணிக்கட்டின் பழக்கம். கப்பல் லேசாகச் சாய்ந்ததாகக்கூட இருக்கலாம் என்று சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். துறைமுகத்தில் கட்டிக் கிடந்த கப்பல் எங்கே சாயப்போகிறது என்று மறுநாள் காலையில் தெளிவேன்.

சேகரிப்பாளர்கள் இப்படிக் கேட்டு வாங்கிய உறைகளை, நிஜக் கடிதம் போன உறைகளிலிருந்து பிரித்து ஒரு படி கீழே வைப்பார்கள். ரசிகன் வேண்டிச் செய்தது, தேவை கருதிப் பிறந்தது அல்ல என்பது அந்தத் தரவரிசையின் நியாயம். எனக்கு இது ரொம்ப நாள் சரியாகத்தான் பட்டது. நான் கையில் வைத்திருக்கும் சான்று, என்னைப் போன்ற ஒருவன் ஆசைப்பட்டதால் மட்டும் உண்டானது. அவன் கேட்டிராவிட்டால் அன்றைக்கு அந்தக் கப்பலில் இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லை. அப்படியானால் இது எதற்குச் சாட்சி? கப்பல் அன்று அங்கே இருந்தது என்பதற்கா? அதற்குக் கப்பலின் நாட்குறிப்பு இருக்கிறது. ஒரு ஆசை இருந்தது என்பதற்குத்தான் இது சாட்சி. இந்த ஆசை உச்சத்துக்குப் போன இடம் வேறொரு கப்பல். 1797இல் நீரில் இறங்கிய கான்ஸ்டிடியூஷன் என்ற மரக்கப்பலைப் பள்ளிக் குழந்தைகளின் சில்லறைக் காசையும் சேர்த்துப் புதுப்பித்து, 1931 முதல் 1934 வரை அமெரிக்கக் கரைகளைச் சுற்றிக் காட்டினார்கள். தன் பாய்களில் காற்று வாங்கிப் போகவில்லை. கிரீப் என்ற சிறு கடற்படைக் கலம் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. நாற்பத்தாறு லட்சம் பேர் ஏறிப் பார்த்தார்கள். அதிலும் அஞ்சல் அலுவலகம் இருந்தது. ஊருக்கு ஊர் இடைக்கோட்டு வாசகம் மாறியது. அந்தக் கப்பலின் தலைவர் லூயிஸ் கலிவரே கடற்படை உறைகளில் பித்துக் கொண்டவர். இனிச் சண்டை போடாத கப்பல், பாய் விரிக்காத பயணம், கடிதம் இல்லாத உறை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத்தான் இருக்கின்றன. போர்க்கப்பலின் மீது சாதாரண மனிதருக்கு இருக்கும் பிரியம் இப்படிப்பட்டதுதான் என்று தோன்றும். பீரங்கி வேண்டும், அது வெடிக்கக்கூடாது. பெயர் வேண்டும், செய்தி வேண்டாம். அரிசோனாவும் அந்த ஆண்டுகளில் அப்படித்தான் வாழ்ந்தது. 1931இல் அதிபர் ஹூவரைக் கரீபியத் தீவுகளுக்கு அழைத்துப்போய் வந்தது. 1934இல் ஜேம்ஸ் காக்னி நடித்த ஒரு படத்தில் தலை காட்டியது. பன்னிரண்டு பதினான்கு அங்குலப் பீரங்கிகளைச் சுமந்துகொண்டு ஊர்வலங்களில் போனது.

1940 கோடையிலிருந்து பசிபிக் படைத்தொகுதியை ஹவாயிலேயே நிறுத்திவைத்தார்கள். கலிபோர்னியாவில் குடும்பம் வைத்திருந்த மாலுமிகளுக்கு அது பிரிவு. கடிதங்களுக்குத் தேவை கூடியது அப்போதுதான். பான் அமெரிக்கன் விமானத்தில் கடிதம் போக இருபது சென்ட், கப்பல் வழி மூன்று சென்ட். மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் இளைஞன் மூன்று சென்டைத்தான் தேர்ந்தெடுப்பான். அந்த மூன்று சென்ட் கடிதம் கடலில் நாட்களை எடுத்துக்கொள்ளும். 1941 டிசம்பர் முதல் வாரத்தில் அரிசோனாவில் போட்ட கடிதம் அம்மாவின் கைக்கு வரும்போது வானொலி ஏற்கெனவே செய்தி சொல்லியிருக்கும். எழுதியவன் உயிரோடு இருந்தபோது எழுதியது என்பது மட்டும் அதில் உறுதி. தேதி முத்திரை அந்த உறுதியைத்தான் தருகிறது, அதற்கு மேல் ஒன்றும் தருவதில்லை. டிசம்பர் 7 ஒரு ஞாயிறு. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தாக்குதல் தொடங்கியது. எட்டு மணி கடந்த சில நிமிடங்களில் அரிசோனாவின் முன்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு முன் கப்பலின் அஞ்சல் அறையில் யாரும் முத்திரைக்கு மை தொட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் ஏழாம் தேதி விழுந்த அரிசோனா வட்டத்துக்கு ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏக்கம் இருக்கும் இடத்தில் அதைத் தீர்த்துவைக்கும் கள்ள முத்திரைகளும் முளைத்துவிடுகின்றன. பொய் முத்திரை செய்கிறவனை எல்லோரும் திட்டுகிறார்கள். மையின் தன்மை, எழுத்தின் இடைவெளி, தலை வெளியான ஆண்டு என்று சோதித்துப் பிடிக்கிறார்கள். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறான். நாம் விரும்புவது சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போன ஒரு காகிதத்தை. ஆறாம் தேதியைவிட ஏழாம் தேதி பக்கம். அந்தக் கணக்கை அவன் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டான்.

தாக்குதலுக்குப் பின் பேர்ள் ஹார்பரில் உயிர் தப்பியவர்கள் கையில் ஒரு அஞ்சல் அட்டையைக் கொடுத்தார்கள். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், கடிதம் பின்னால் வரும் என்ற மாதிரி வாக்கியங்கள் அச்சிட்டிருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தமாக எதுவும் எழுதக்கூடாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் இப்படி ஒரு அட்டை இருந்தது. கூடுதலாக ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரித்திருந்தார்கள். எண்ணெய் எரிந்துகொண்டிருக்கும் துறைமுகத்தில், பக்கத்துப் படுக்கைக்காரன் எங்கே என்று தெரியாத நிலையில், ஒருவன் பென்சிலால் சில வரிகளை அடிக்கிறான். வீட்டுக்குப் போவது அவன் அடிக்காமல் விட்ட வரி மட்டும். அரிசோனாவில் தப்பியவர்கள் 335 பேர். அவர்களில் கடைசியானவரான லூ கான்டர் 102 வயதில் 2024இல் இறந்தார். அந்த அட்டைகளைப் பற்றிப் படித்தபோதுதான் என் வெற்று உறை முதல்முறையாக எனக்குக் கூச்சம் தந்தது. உறையில் ஒருவன் எழுத எதுவும் இல்லாததால் எழுதவில்லை. அட்டையில் ஒருவன் எழுத எவ்வளவோ இருந்தும் எழுத முடியவில்லை. ஆல்பத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், இரண்டிலும் செய்தி இல்லை என்று ஒரே குறிப்பை எழுதிவிடலாம். எதிர்த்திசையில் போன உறைகளும் உண்டு. வீட்டிலிருந்து அரிசோனாவுக்கு எழுதி, வாங்க ஆள் இல்லாமல், மேலே விரல் சுட்டும் முத்திரையோ கைக்கிறுக்கலோ ஏறி, அனுப்பியவருக்கே திரும்பியவை. கிறிஸ்துமஸ் நெருங்கிய வாரங்கள் வேறு. அவையும் கை மாறிச் சந்தைக்கு வருகின்றன. பெற்றவர்கள் போய், பிள்ளைகள் போய், பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியிலிருந்து கிளம்புகின்றன. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வைத்துக்கொள்வது மட்டுமே மரியாதை என்று யார் சொன்னது? பெட்டியில் கிடந்து செல்லரிப்பதைவிட ஒருவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காப்பது மேல்தான். இந்த நியாயங்களை எல்லாம் நான் வரிசையாகச் சொல்லிக்கொள்கிறேன், ஒவ்வொன்றும் நிற்கிறது. எல்லாம் சேர்ந்து நிற்க மறுக்கிறது.

போர் தொடங்கியதும் கடற்படை முத்திரைகளிலிருந்து கப்பல்களின் பெயர்கள் மறைந்தன. யு.எஸ். நேவி என்று மட்டும் வட்டம். எந்தக் கப்பல் எங்கே என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது. 1942 ஏப்ரலிலிருந்து படையினரின் சாதாரணக் கடிதத்துக்குத் தலையும் வேண்டாம்; மூலையில் இலவசம் என்று மாலுமி கையால் எழுதினால் போதும். கூடவே தணிக்கை முத்திரை, அதில் கடிதத்தைப் படித்த அதிகாரியின் சுருக்கொப்பம். சேகரிப்பாளன் தேடும் எல்லாமே போயிற்று: பெயர் இல்லை, தலை இல்லை, ஊர் இல்லை. ஆனால் உறைகளுக்குள் கடிதங்கள் நிரம்பிய காலம் அதுதான். பெயர் பளிச்சென்று விழுந்த காலத்தில் உள்ளே வெற்று அட்டை. உள்ளே ஒருவன் உயிரைப் பிழிந்து எழுதிய காலத்தில் வெளியே பெயரில்லாத வட்டம். இந்தக் குறுக்குமறுக்கை முதலில் கவனித்தபோது ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு பார்த்தால், பெயர் முழுசாகப் போய்விடவும் இல்லை. இடது மேல்மூலையில் அனுப்புநர் முகவரியில் மாலுமியே தன் பெயர், தரம், கப்பலின் பெயர், சான் பிரான்சிஸ்கோ படைத்தொகுதி அஞ்சலகம் என்று எழுதியிருப்பான். பதில் வந்து சேர வேண்டுமே. கப்பல் இருக்கும் இடம்தான் ரகசியம், அவன் எந்தக் கப்பல்காரன் என்பது அவன் வீட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆக, அரசாங்கத்தின் ரப்பரில் இருந்த பெயர் ஒரு பையனின் கையெழுத்துக்கு இடம் மாறியிருந்தது. கட்டணமும் கையெழுத்து, பெயரும் கையெழுத்து, அனுமதியும் ஒருவரின் சுருக்கொப்பம். உறை முழுவதும் மனிதக் கைகள். இருந்தும் முத்திரையில் பெயர் இல்லாத இந்த உறைகளை நாங்கள் மட்டமாகத்தான் பார்த்தோம். ரப்பர் சொன்னால் நம்புவோம், கை எழுதினால் சரிபார்ப்போம். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனைப் போன்ற ஜெர்மன் கப்பல்களின் அஞ்சல் முத்திரைகளில் முதலிலிருந்தே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண் எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் இருந்தது என்று அட்டவணை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அட்டவணை இல்லாதவனுக்கு அது வெறும் கடற்படைத் தபால். பெயர் என்பது சேகரிப்பவனுக்கு எவ்வளவு பெரிய சலுகை என்பது அந்த எண்களைப் பார்க்கும்போது உறைக்கும்.

பெயர் திரும்பி வந்தது ஒரு சடங்குக்காக. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி கப்பலின் மேல்தளத்தில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது. அதுவும் ஒரு ஞாயிறுதான். அன்றைய தேதியோடு, டோக்கியோ விரிகுடா, முறைப்படியான சரணாகதி என்ற இடைக்கோட்டு வாசகத்தோடு மிசௌரியின் பெயர் தாங்கிய முத்திரையைக் குத்தினார்கள். கப்பலில் இருந்தவர்களுக்கு நீயும் அங்கே இருந்தாய் என்று சான்று சொல்லும் சின்ன அட்டையும் கொடுத்தார்கள். கடற்படை உறைகளில் பிரபலமான முத்திரைகளில் அதுவும் ஒன்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடிக்கணக்கானவர்கள் செத்த ஒரு போரின் முடிவை ஒரு மாலுமி வீட்டுக்கு அனுப்ப விரும்பினால் அதற்கு உறையைவிட எளிய வழி எது? ஆனாலும் எனக்கு இது முப்பதுகளின் பழைய விளையாட்டு மறுபடி தொடங்கிய இடமாகத் தெரிகிறது. இடையில் இருந்த மூன்றேமுக்கால் ஆண்டுகளின் கடிதங்களுக்கு யாரும் வாசகம் கோக்கவில்லை. இப்போது மிசௌரி பேர்ள் ஹார்பரில் அரிசோனாவின் நினைவிடத்துக்குப் பக்கத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. தொடக்கமும் முடிவும் எதிரும் புதிருமாக நிற்கின்றன என்று சுற்றுலாக் கையேடுகளுக்கு நன்றாகப் பொருந்திவிடுகிறது. சேகரிப்பாளர்களும் ஆல்பத்தில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பார்கள். இப்படிப் பொருந்திவிடுகிற எதையும் நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். கடிதங்கள் அப்படிப் பொருந்துவதில்லை. அவற்றில் பல்வலி இருக்கும், பத்து டாலர் கடன் இருக்கும், தங்கையின் கல்யாணத்துக்கு வர முடியாத வருத்தம் இருக்கும். 1941 டிசம்பர் 5 என்ற தேதிக்குத் தன் எடை தெரியாது.

இங்கேதான் எனக்கு என் வெற்று உறையின் மேல் மரியாதை திரும்பிவந்தது, அது வேறு வகையான மரியாதை. அது எதையும் நடிக்கவில்லை. தான் கேட்டு வாங்கியது என்பதை மறைக்கவில்லை. அதைக் கேட்டவனுக்கும் குத்தியவனுக்கும் எதிர்காலம் தெரியாது. கப்பல் பழசாகி ஒருநாள் உடைத்து விற்கப்படும், அப்போது இது ஞாபகமாக இருக்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கக்கூடும். இருவருக்கும் நடுவே நடந்தது ஒரு சின்ன மரியாதைப் பரிமாற்றம். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார், வேலைக்கு நடுவில் இன்னொருவர் செய்து கொடுத்தார். பதிலுக்குக் காசு கேட்கவில்லை. அந்த எழுத்தர் 1941 வரை அந்தக் கப்பலில் இருந்தாரா, வேறு கப்பலுக்கு மாற்றலாகிப் போனாரா என்பதை உறை சொல்லாது. ஒரு கடிதம் இருந்திருந்தால் அவரைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன், கடிதம் எழுதியவனைப் பற்றித்தான் யோசித்திருப்பேன். உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் மேலே இருந்த கை கண்ணுக்குப் பட்டது. இந்த அளவுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சமாதானம் இவ்வளவு சுளுவாகக் கிடைத்தால் அதன் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்பக்கம் இதுதான். அரிசோனா மாலுமி ஒருவன் டிசம்பர் முதல் வாரத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதம், உறையோடு, எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்தால் நான் என்ன செய்வேன்? வாங்குவேன். வாங்கினால் உறையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பேனா? மாட்டேன், படிப்பேன். முதலில் பொறுமையாக லோசி வகையைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வேன், பிறகு படிப்பேன். அவன் அம்மாவுக்கு எழுதியதை, அவள் எத்தனை தடவை படித்தாளோ அதை, பணம் கொடுத்த உரிமையில் படிப்பேன். படித்தபின் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கப்பலின் பெயரைக் கொண்ட மாநிலத்தின் பல்கலைக்கழக நூலகம் அரிசோனா தொடர்பான தாள்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. கப்பலின் மணி ஒன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. கடிதங்கள் அப்படி ஒரு பொதுவான இடத்தில் இருப்பதே முறை, அங்கே படிப்பவன் யாரும் சொந்தக்காரன் அல்ல என்று வாதிட எனக்கு வாய் இருக்கிறது. வாங்கக் கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. வெற்று உறையில் படிக்க எதுவும் இல்லை, ஆகவே யாருடைய வீட்டுக்குள்ளும் நுழைந்த குற்றம் இல்லை. அந்த வசதியைத்தான் இத்தனை காலம் ரசனை என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ என்பது சந்தேகம். அதைத் தீர்க்க அந்த வாரத்துக் கடிதம் ஒன்றை வாங்கித்தான் பார்க்க வேண்டும். அதற்கான பணம் என்னிடம் இல்லை என்பதால், இப்போதைக்கு அதை ஒரு கொள்கையாகக் காட்டிக்கொள்ள முடிகிறது.